வலிக்குதாடா என்று கேட்ட ஆறு வருஷம்

ஸ்டென்ட்டை எடுத்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தவர்கள் அம்மாவும் நானும். உள்ளே அண்ணன். வராதவர் தாய்மாமா. ராமாபுரத்தில் யாருக்கோ கிரகப்பிரவேசமாம்.

மாமா மைசூரில் கட்டிட மேஸ்திரி. அவர் கட்டிய சாரத்திலிருந்துதான் அண்ணன் விழுந்தான். முதுகுத்தண்டு அடிபட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மூத்திரமும் தானாக இறங்கவில்லை. வழி அடைபடாமல் இருக்க, கம்பி வலையாலான ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். பணம் கட்டியவர் மாமா. அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு அவர்தான் முதலாளி.

டிஸ்சார்ஜ் தாளைப் படித்தவன் நான். வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கோப், அதாவது கேமராக் குழாய், விட்டுப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சொன்னேன். மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

"வலிக்குதாடா?"

"இல்லீங்க மாமா."

"அப்புறம் என்னத்துக்கு ஆஸ்பத்திரி? நம்ம டிப்ளமோ டாக்டர் சொல்றாருன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் உட்பட. காலில் கொதிக்கிற டீ கொட்டினாலும் தெரியாதவனிடம் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. மாமாவாவது எழுத்து தெரியாதவர். நான் தாளை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டு, வேலைக்குப் போகிற ஹெப்பாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு என்னை நானே காறித் துப்பலாம்.

ஆறாம் வருஷம் அண்ணனுக்குத் தலை வெடிக்கிற வலி, முகமெல்லாம் வியர்வை. கீழே அடைத்துக்கொண்டால் உணர்ச்சியில்லாத உடம்பு அப்படித்தான் சொல்லுமாம், பிறகு தெரிந்தது. வெயில் என்றார் மாமா. குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். கம்பி வலைக்குள் சதை வளர்ந்து, அதன்மேல் கல் படிந்து, மூத்திரம் மேலே தேங்கி வலது கிட்னி ஊதியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடக் கூட்டி வரவில்லையா என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

"அவனுக்கு வலிக்கலைங்களே சார்" என்றாள் அம்மா.

குழாய் துண்டு துண்டாகத்தான் வந்தது. மாமா போன் செய்தார். "கழட்டினதைப் பத்திரமா வாங்கி வையி. நான் போட்டுக் கொடுத்தது."

இப்போது அண்ணனுக்கு அடிவயிற்றில் ஓட்டை போட்டு ரப்பர் குழாய். வலது கிட்னி இனி வேலை செய்யாது. ஸ்கோப் ஒருதரத்துக்கு மூவாயிரம் ஆகியிருக்கும். அம்மாவின் கம்மலையும் சேர்த்து நாங்கள் கட்டியது ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.