ஜன்னலுக்கு எதிரே முளைத்த கன்றுகள்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் தானாக முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "அக்கா, இது பாக்கா, பனையா?"

தண்டைத் தடவிப் பார்த்தேன். முள் இல்லை. "பாக்குதான்" என்று பெருமூச்சு விட்டேன். அவர் விநோதமாகப் பார்த்தார்...

அவருக்கு என்ன தெரியும்?

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி, அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாள லோரிகள். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவருக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. புதிதாகக் குடிபோயிருந்தோம்.

அவரை விதை ஊன்ற, சமையலறை ஜன்னலுக்கு எதிரே மண்ணைக் கொத்தினேன். தேயிலைச் செடிகளின் ஓரத்தில், மீன்வால் போல இலை பிளந்த கன்றுகள். பாக்கு என்றால், இந்தக் குளிரில் எப்படி? ஒன்றைப் பிடுங்கினேன். விரலில் முள் ஏறியது.

ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் காட்டினேன். வேரோடு ஒட்டியிருந்த பழுப்புக் கொட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சாலாக்கும்மா. பாம்புத் தோல் மாதிரி தோலு இருக்குமே, அந்தப் பழம். கீழ காட்டுலதான் கிடைக்கும். யாரு தின்னு துப்புனது?"

"தெரியல பாய். ஒண்ணுல ரெண்டு இலை வந்திருக்கு, ஒண்ணு இப்பத்தான் முளைக்குது. ஒரு கொட்டை ஈரங்கூடக் காயல."

பாய் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இன்னும் வந்துக்கிட்டு இருக்காரு லா... உங்க வீட்டுல முன்ன இருந்த கிராணி காட்டுப் பக்கம் போனவரு, திரும்பல. இழுத்துட்டுப் போனாங்களோ, அவராப் போனாரோ! பொண்டாட்டி, பிள்ளையோட ஈப்போவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அது அவருக்குத் தெரியாதுல்ல?"

வீட்டுக்கு வந்து, கன்றுகள் இருந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே என் அடுப்பு. திரைக்குப் பின்னால் நடமாடும் பெண் யாரென்று அங்கிருந்து தெரியாது.

போலீசில் சொல்வதா? சொன்னால், காட்டுக்காரர்களுக்கு உதவியதாக லயத்து வரிசை வீட்டுத் தொழிலாளர்களைப் பிடிக்காமல் விடுவார்களா? "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் கணவர்.

பிடுங்கினேன். மறுநாள் காலை, அதே இடத்தில் ஒரு புதுக் கொட்டை!

அன்று மதியம் பனி இறங்கியபோது திரையை விலக்கி, முகத்தை வெளியே நீட்டினேன். "அவங்க இங்க இல்லைங்க... ஈப்போவுல, அண்ணன் வீட்டுல இருக்காங்க."

துளிக் காற்றும் இல்லாத அந்த நேரத்தில், ஒரே ஒரு தேயிலைச் செடி மட்டும் அசைந்து நின்றது.

அதன் பிறகு கொட்டை விழவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்று சில நாள் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது — இன்னும் போகவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கிராணிதானா, இல்லை அவர் குடும்பத்தைத் தேடி வந்த வேறு யாராவதா?