இருபதாவது ஜாடி

நம்புகிறவர்கள் நம்புங்கள், கண்ணுங்களா. நம்பாதவர்களைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் என் கண், காது, மூக்கு மூன்றும் அன்றைக்குச் சரியாகத்தான் வேலை செய்தன. நடுராத்திரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு நாற்பது.

பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பன்னிரண்டு வருஷம் ஜாடி துடைத்தவள் நான். உள்ளே இருக்கிற செத்த உயிர்கள் அழுகாமலிருக்கப் பார்மலின் குறைந்தால் ஊற்றி வைப்பேன். துடைக்கும்போதே லேபிள்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முப்பத்தொன்பது வயதில் அதே துறையில் மாணவியாகச் சேர்ந்தேன். துறைத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. வகுப்பே கேட்கிற மாதிரி, "வாளி உன்னைத் தேடுதும்மா" என்பார். "தேடட்டும் சார், எனக்கு வேலை இருக்கு" என்பேன்.

செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன், தடவைக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணில். மூன்றாவது தடவை மறுநாள். அதிலும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் வாளிதான்.

பழைய சாவி கையில் இருந்தது. ஜாடி அறையைத் திறந்து, தேர்வுக்கு வைக்கிற மாதிரியே அடுக்கினேன். இருபது மேசை. மேசைக்கு ஒரு ஜாடி, லேபிள் சுவர்ப்பக்கம். மூன்று நிமிஷத்தில் அது என்ன உயிர் என்று எழுத வேண்டும். மணி அடித்ததும் எழுந்து அடுத்த மேசைக்கு நகர வேண்டும். நாம் விட்ட ஸ்டூலில் பின்னால் வருகிறவர் உட்காருவார். யாருக்காகவும் மணி நிற்காது.

என்னை இரண்டு தடவையும் கவிழ்த்தது ஒரே ஜாடி. காலில்லாத, புழு மாதிரி ஒன்று. குருட்டுப் பாம்பு என்று எழுதுவேன். தப்பு. அது இக்தியோபிஸ், தவளைக்குச் சொந்தக்காரன். அதை வேண்டுமென்றே இருபதாவது மேசையில் வைத்தேன்.

வெளிச்சம் பட்டால் ஜாடிகள் வெளுக்கும் என்று ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு டியூப்லைட். மணி அடிக்க ஆள் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தே நகர்ந்தேன். பதிலை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம்.

ஆறாவது மேசை. இரண்டு ஐம்பத்தெட்டு.

டிங்.

தேர்வாளர் மேசையில் இருந்த பித்தளை மணி. தானாக.

எலியாக இருக்கும் என்று ஏழுக்கு நகர்ந்தேன். உட்கார்ந்ததும் பின்னால் ஒரு சத்தம். ஸ்டூலை இழுக்கிற சத்தம். நான் விட்டு வந்த ஸ்டூல்...

திரும்பினேன். யாரும் இல்லை. ஆனால் ஸ்டூல் மேசையோடு ஒட்டியிருந்தது. நான் தள்ளிவிட்டு எழுந்திருந்தேன்.

மூன்று ஒன்று. டிங். எட்டுக்கு நகர்ந்தேன். ஏழாவது ஸ்டூல் இழுபட்டது. கூடவே பேனா நிப் தாளில் கீறுகிற சத்தம்... கிறீச்... கிறீச்...

பார்மலின் வாடை, இப்போதுதான் ஊற்றியது போல, கண்ணைக் கரித்தது.

கதவு பத்தடியில்தான். ஓடியிருக்கலாம். ஓடினால் நாளைக்கு யார் எழுதுவது? பன்னிரண்டு வருஷக் கோபம் எழுந்து நின்றது.

"யாரா இருந்தாலும் உக்காந்து எழுது. என்னைத் தொடாதே. எனக்கு நாளைக்குப் பரீட்சை."

கீறல் ஒரு நொடி நின்றது.

பிறகு தொடர்ந்தது.

பன்னிரண்டு... பதினைந்து... எப்போதும் எனக்கு ஒரு மேசை பின்னால்.

மூன்று முப்பத்தேழு. இருபதாவது மேசை.

பேனா சத்தம் இல்லை. என் கழுத்துக்குப் பின்னால்... ஈரமான மூச்சு.

லென்ஸை ஜாடியோடு ஒட்டினேன். உரக்கச் சொன்னேன். "வெளியே செதில் இல்லை. வளையம் வளையமா இருக்கு. பாம்பு இல்லை. இக்தியோபிஸ்."

மூன்று நாற்பது. மணி அடிக்கவில்லை.

நாற்பத்தொன்று.

நாற்பத்து மூன்று...

பின்னால் நின்றது எதற்கோ காத்திருந்தது.

எழுந்தேன். ஸ்டூலை நானே இழுத்து வைத்தேன். "வா. உன் முறை."

நடந்தேன். ஓடவில்லை.

பின்னால் ஸ்டூல் நகர்ந்தது.

கிறீச்...

கதவைப் பூட்டவில்லை. எழுதி முடிக்கட்டும் என்று.

மறுநாள் தேர்வெழுதியவர்கள் பத்துப் பேர். இருபதாவதையும் சரியாக எழுதிவிட்டு வந்தேன். ஆனால் தேர்வாளர் எண்ணியபோது பதினோரு விடைத்தாள். ஒன்று பழுப்பேறி, ஓரம் ஈரமாக, வாடையோடு இருந்தது. துறைத் தலைவர் அதைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

நான் எடுத்துப் பிரித்தேன். பத்தொன்பது பதில்கள், மங்கிப்போன மையில். இருபதாவது மட்டும் புது மை. "வெளியே செதில் இல்லை. வளையம் வளையமா இருக்கு. பாம்பு இல்லை. இக்தியோபிஸ்."

துறையில் எனக்கும் முந்தின ஆளான ஸ்டோர்கீப்பர் அண்ணன் அதிலிருந்த பதிவெண்ணைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் முன்னால், தேர்வு நடுவே, இருபதாவது மேசையில் ஒரு பெண் சரிந்து விழுந்தாளாம். தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய் உட்கார்ந்து எழுதினார்களாம். கடைசி மணிக்குப் பிறகு தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அவள் விடைத்தாள் கிடைக்கவே இல்லை.

"மணி அடிச்சது யாருண்ணே?"

அண்ணன் துறைத் தலைவருடைய அறைக் கதவைப் பார்த்தார்.

நான் தேறினேன், கண்ணுங்களா. வாளியைத் திரும்பத் தொடவில்லை. அவள் தாளில் சிவப்பு மையால் இருபதுக்கு இருபது போட்டு நானே வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாக என் பெட்டியில் இருக்கிறது. நேற்றுகூட எடுத்து, அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டேன்.

மை இன்னும் காயவில்லை.