மினிட்ஸ் எழுதுகிறவள்

ஆங்கிலக்காரனுக்குப் பேச்சின் மேல் அப்படி என்ன ஆசையோ! பேசுவதற்கு மட்டும் அவன் எத்தனை சொல் வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். டைரியின் கடைசிப் பக்கங்களில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்: டாக், சாட், டிஸ்கஸ், கன்சல்ட், நெகோஷியேட், இன்டராக்ட், டெலிபரேட். எங்கள் மேலாளர் எங்களிடம் பேசினால் அது இன்டராக்‌ஷன். அவரே வக்கீலிடம் பேசினால் கன்சல்டேஷன். கப்பல் ஏஜென்டிடம் போய்க் கெஞ்சினால் நெகோஷியேஷன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலு பெண்கள் பேசினால் மட்டும் அது வெறும் சாட். எதிரே இருக்கிற ஆளைப் பார்த்துச் சொல் மாறுகிறது பாருங்கள், அதுதான் எனக்கு வேடிக்கை.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு அலுவலக வேலை. ஆத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறேன். யார்டில் மாதம் ஒரு பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். அதில் பேசியதை ஆங்கிலத்தில் மினிட்ஸாக எழுதுவது என் பொறுப்பு. எழுதுவது என்றா சொன்னேன்? எங்கள் யார்டில் மினிட்ஸ் கூட்டத்துக்கு முந்தின நாளே தயாராகிவிடும்! போன மாதத்து மினிட்ஸைத் திறந்து, தேதியை மாற்றி, டிஸ்கஸ் இருந்த இடத்தில் டெலிபரேட்டைப் போட்டு அச்செடுத்து விடுவேன். மறுநாள் கூட்டத்தில் டீ, பருப்பு வடை, எல்லாரும் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. "மேடம் இங்கிலீஷ் ஏ ஒன்" என்று மேலாளர் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

அப்படி ஒரு கூட்டத்தில், சரக்குப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் எழுந்து நின்றார். கடற்கரைக் குடும்பத்துக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது. அண்ணன்மார் எல்லாரும் கப்பலுக்குப் போக, இவர் மட்டும் கரையில் தங்கிவிட்டார்.

"சார், ரெண்டாம் நம்பர் வண்டியில பிரேக்கு மிதிச்சா நிக்க மாட்டேங்கு. ரெண்டு முழம் தள்ளிப் போயிதான் நிக்கு. ஒருநா யார் மேலயாவது ஏறிரப் போவுது, பாத்துக்கிடுங்க" என்றார்.

மேலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடைத் தட்டு வந்தது. வண்டிகளின் பராமரிப்பு பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது என்று நான் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன். அட, இவர் சொன்னதும் இதற்குள் அடங்கிவிட்டதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அதே வண்டி நிற்காமல் போய் டைல்ஸ் பெட்டிகளில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் கவனக்குறைவு என்று ஓட்டுநருக்கு மெமோ கொடுத்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விசாரணையில் தப்பு அவர் மேல் விழுந்தால் வேலை போய்விடும். அப்புறம் வேறு எந்த யார்டிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்து நின்றார்.

"எக்கா, கூட்டத்துல நான் பிரேக்கு பத்திச் சொன்னம்லா? நீங்க எழுதிருப்பீங்கள்லா? அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

"எழுதியிருக்கேன் தம்பி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேலே போய்க் கோப்பைத் திறந்தேன். மூன்று பக்கம். டெலிபரேட் இருந்தது. பிரேக் இல்லை. அவரும் இல்லை. ஒரு வருஷத்து மினிட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். விவாதிக்கப்பட்டது, தெரிவிக்கப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது. ஆனால் ஒரு மனுஷர் வாய் திறந்ததாக எங்கேயும் இல்லை. ஆள் இல்லாமல் இவ்வளவு பேச்சு எழுத முடியுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

பதினைந்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஓட்டுநர் ஓரமாக நின்றார். மேலாளர் என் மினிட்ஸைத் தூக்கிக் காட்டினார்.

"பராமரிப்பு பத்தி விரிவா டிஸ்கஸ் பண்ணியிருக்கோம் சார். பிரேக் சரியில்லன்னு ஒருத்தரும் சொல்லல. இவரும் கையெழுத்துப் போட்டிருக்காரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"சார், அது கூட்டத்துக்கு முந்தின நாளே நான் அடிச்சது" என்றேன்.

மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்போ கூட்டத்துல என்னதான் பேசினீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

ஓட்டுநர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன், அந்த ரெண்டு முழத்தையும் விடாமல்.

"அதுக்கு யாரு என்ன பதில் சொன்னா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல சார். வடை சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன்."

அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் எழுதினேன், நாலு வரிதான் வந்தது. மோதிய நாளிலிருந்து ஒதுக்கி நிறுத்தியிருந்த வண்டியை அன்று மத்தியானமே ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்த இடத்தில் அது நிற்கவில்லை.

திங்கட்கிழமை ஓட்டுநர் வேலைக்குத் திரும்பினார். அவருடைய மெமோவை ரத்து செய்துவிட்டு எனக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். கொடுக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். பதினோரு மணிக்கு அவர் என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நான் சிரித்த முகமாக நிமிர்ந்தேன்.

"எக்கா, அன்னைக்கே நான் சொன்னத எழுதிருந்தீங்கன்னா, 'ஒன்ன வேலைய விட்டுத் தொரத்திட்டாவளாப்பா'ன்னு எம் மவன் பதினஞ்சு நாளும் கேட்டிருக்க மாட்டாம்லா?" என்றார்.

"ஆமா தம்பி, என் தப்புதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குப் போனார்.