உட்கார்ந்தே போன ரயில்

திருநின்றவூரில் நான் மிஸ்ஸாக இருந்த விளையாட்டுப் பள்ளி, ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். பதினோரு மணிக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். மின்சார ரயில் போகும்போது கூடத்து ஜன்னல் கம்பிகள் லேசாக அதிரும். அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் சொக்குகிறது. அங்கே நடந்ததில் எது நிஜம், எது நானாகக் கண்ட கனவு என்று சில சமயம் பிரிக்க முடிவதில்லை.

ரயில் சத்தம் கேட்டதும் பிள்ளைகளும் ரயில் விடுவார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஒரே ஓட்டம். புது ஃப்ளாட் பிள்ளை, ஏரிக்கரைப் பிள்ளை, போன மாதம்தான் ஊரிலிருந்து வந்த பிள்ளை, எல்லாம் அந்த ரயிலில் உண்டு.

ஒரு நான்கு வயதுக்காரி மட்டும் இல்லை. பிறவியிலேயே அவளுக்குக் கால்களில் பலம் கிடையாது. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி வழுக்கிக்கொண்டு போவாள். அவளை விட்டுவிடக் கூடாதென்று நான் ரொம்பத் தீவிரமாக இருந்தேன். அட்டையில் பச்சைக் கொடி செய்து, தூண் ஓரம் குட்டி நாற்காலி போட்டு, அவளை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை அவள் அம்மா கேட் அருகே என்னை நிறுத்தினார். சண்டை போடும் குரலே இல்லை.

“வீட்டுக்கு வந்தா தினமும் ஒண்ணுதான் சொல்றா மிஸ். ‘அம்மா, எல்லா ட்ரெயினும் போயிடுச்சு’ன்னு. ஓரமா உட்கார்றதுக்கு எங்க வீடே போதுமே. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு செய்தும் இந்தப் பேச்சா? பிள்ளைகள் போன பிறகு, வெறும் கூடத்தில், அந்தக் குட்டி நாற்காலியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வெளியே ஒரு ரயில் வந்து போனது. இன்னொன்றும் போனது. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே போய்க்கொண்டிருந்தது. கோபம் வடிந்து வெட்கமாகிவிட்டது.

மறுநாள், முதல்முறையாக, அவளைக் கேட்டேன். “நீ என்னவா இருக்கணும்?”

“பெட்டி,” என்றாள். இன்ஜின்கூட வேண்டாமாம். நடுவில் ஒரு பெட்டி, இல்லாவிட்டால் கடைசிப் பெட்டி. அதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ரயில் கிளம்பியதும் அவள் கொடியை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். வழுக்கி வந்து கடைசிப் பையனின் சட்டையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை. அவன் பொத்தென்று உட்கார்ந்தான். அவனும் முன்னால் இருந்தவளை விடவில்லை, அவளும் உட்கார்ந்தாள். இப்படியே இன்ஜின் வரைக்கும் மொத்த ரயிலும் தரைக்கு வந்தது.

“எழுந்திருங்க” என்று அதட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் இன்ஜின் “கூ” என்றது. யாரும் எழவில்லை. ஒரு கையில் முன்னால் இருப்பவரின் சட்டை, மறு கை தரையில். டைல்ஸ் மேல் ரயில் மெதுவாக, தண்ணீரில் போவதுபோல, நகர ஆரம்பித்தது. மற்ற பெட்டிகள் கோணல்மாணலாகத் திணற, கடைசிப் பெட்டிக்கு மட்டும் அது பழகின வேலை. “கையை இப்படி வை,” என்று முன்னால் இருந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி வந்தாள்.

“இன்னா மிஸ், பேன்ட்டெல்லாம் பின்னாடி கிழிஞ்சிடும் போல கீது,” என்றார் ஆயா. ஆனால் வழியில் கிடந்த பொம்மைகளை அவர்தான் அவசரமாக ஒதுக்கினார்.

அவள் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். வாசற்படியில் நின்று முதலில் நாற்காலியைப் பார்த்தார். அதில் கொடி மட்டும் கிடந்தது. பிறகு தரையில் ஊர்ந்துபோகிற பிள்ளைகளை முன்னாலிருந்து பின்னால்வரை தேடினார்.

“எங்க மிஸ் அவ?”

ரயில் அவர் காலருகே வந்து வளைந்தது.

“அம்மா, வழி விடு,” என்றது கடைசிப் பெட்டி.

அவர் சட்டென்று ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். அடுத்த திங்கட்கிழமை அவள், பின்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைத்த பேன்ட் போட்டுக்கொண்டு வந்தாள்.