பட்டு வேட்டியில் ஒரு ராப் கச்சேரி

அழைப்பிதழில் போட்ட நேரத்தை நம்பிய ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். அக்கா மொன்றியலுக்கு அடுத்த லவாலில் மண்டபம் எடுத்து, வயதுக்கு வந்த தன் மகளுக்குச் சாமத்திய வீடு வைத்தாள். காலை பத்து மணிக்கு ஆரம்பம், ஒரு மணிக்கு மதிய போசனம் என்று அட்டையில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதே நாள் மாலை ஆறு மணிக்கு, ஆற்று நடுவிலிருக்கும் தீவில், திறந்த வெளி மேடையில் என்னுடைய ராப் பாடகர் பாடுகிறார். அது அவருடைய கடைசி இசைப்பயணம். முழங்கால் போய்விட்டது, இனி ஊர் ஊராக அலைய முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் தாராளமாக நேரமிருக்கிறது என்று எண்ணி நுழைவுச்சீட்டை வாங்கிவிட்டேன். பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஒரு சிற்றூர்க்காரர். தன் பாட்டுக் கசெட்டுகளைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு பெட்ரோல் நிலையங்களில் விற்றுத்தான் தொடங்கினார். நியூயோர்க் ஆட்கள் அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசுவதுபோலச் சொல்லுக்குச் சொல் இழுப்பார். மனிதர் மாறவில்லை. அந்த இழுவையிலேயே பாடிப் பாடி, கடைசியில் சிரித்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அப்படி இழுக்கும்படி செய்துவிட்டார். நான் வாயைத் திறந்தால் மலையாளமா என்று கேட்கிற சென்னை நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆகவே அவரை எனக்குப் பிடித்துப்போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. நடுவில் சிறைக்குப் போனார். சில காலம் ஆளையே காணோம். பிறகு தாடி நரைத்துத் திரும்பி வந்து, முன்னைவிட நன்றாகப் பாடினார்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் நின்று கழுவியவன் வைத்திருந்த சின்ன ரேடியோப் பெட்டியில்தான் அவரை முதலில் கேட்டேன். அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். ஆங்கிலம் முழுவதும் அவரிடம் படித்ததுதான். அதனால் என் ஆங்கிலமும் இழுவை ஆங்கிலம். இப்போது நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் தாதிமார் என்னைப் பேசவைத்துக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இரண்டு முறை அவரைத் தவறவிட்டிருக்கிறேன். முதல் முறை, பழைய வழக்கொன்றைக் காட்டி அவரை எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மண்டப வாசலில் நின்ற சனம் திட்டித் தீர்த்தது. எனக்குக் கோபமே வரவில்லை. கடவுச்சீட்டை ஓர் அதிகாரி புரட்டும்போது எதிரில் நிற்பவன் படும் பாடு எனக்குத் தெரியும். அடுத்த முறை வந்தார், பாடினார். எனக்கு முன்னால் தென்னைமரம் மாதிரி ஒருத்தன் நின்றான். பாடகருடைய தொப்பியின் உச்சியை மட்டும் தரிசித்துவிட்டு வீடு திரும்பினேன். இந்த முறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மண்டபத்தில் நானும், கதிரைக்கு உறை போடுகிறவரும்தான் இருந்தோம். ஐயர் இன்னொரு விசேஷத்தை முடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் பல்லக்கு உள்ளே வரும்போது, அட்டையின்படி நாங்கள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். நான் பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்தேன், தேங்காய் உடைத்தேன். படப்பிடிப்புக்காரர் “அண்ணை, இன்னொருக்கா” என்றார். உடைந்த பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை உடைப்பதுபோல நடித்தேன். பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும் தட்டங்கள் ஊர்வலமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் மாமன் பக்கத்தில் நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும். பிறகு விருந்தினர் குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படமெடுக்கத் தொடங்கினார்கள். மணி ஐந்தை நெருங்கியது. வரிசை வாசல்வரை நின்றது. என் முகத்தில் சிரிப்புக் காய்ந்துவிட்டது.

அக்கா என்னைக் கையில் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு நல்ல பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

“எத்தினை மணிக்கு உன்ர ஆள் பாடுறார்?”

சொன்னேன்.

“போ,” என்றாள். “நீ இஞ்ச வந்து ரெண்டு வருஷம் ஒருத்தரோடயும் வாய் திறக்கேல்ல. என்னோடயும் கதைக்கேல்ல. உனக்கு என்னவோ நடந்துபோச்செண்டு நான் அழாத நாளில்லை. அந்த மனுசன்ர பாட்டைப் பாடித்தான் நீ திருப்பிக் கதைக்கத் தொடங்கினனி. மிச்சப் படம் நீ இல்லாமல் எடுப்பம்.”

அவள் இதையெல்லாம் கவனித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடங்களைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அழுகை வந்தது. சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடினேன்.

என்னுடைய ஜீன்ஸ் அத்தானின் காரில் கிடந்தது. காரோ ஐஸ் வாங்கப் போயிருந்தது. ஆகவே பட்டு வேட்டி, சரிகைத் தலைப்பாகை, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம் சகிதம் ஆரஞ்சுப் பாதை மெட்ரோவில் ஏறினேன். எதிரில் இருந்த ஒரு கியூபெக் மூதாட்டி, இன்று உங்களுக்குக் கல்யாணமா என்று பிரெஞ்சில் விசாரித்தார். என் மருமகள் பெரியபிள்ளையானதை ஊர் கூட்டிக் கொண்டாடுகிறோம் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். மூன்றாவது சொல்லில் மூச்சு வாங்கியது. விட்டுவிட்டு, ஆம், கல்யாணம்தான் என்றேன். பெட்டி முழுவதும் கைதட்டியது. அந்தப் பெட்டியில் கச்சேரிக்குப் போகிற இளைஞர் கூட்டம் ஒன்றும் இருந்தது. கல்யாணத்தன்று ராப் கேட்கப் போகிற மாப்பிள்ளையைக் கண்டதும் அவர்கள் என்னைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். இனி உண்மையைச் சொல்ல வழியில்லை.

தீவில் இறங்கும்போதே பாட்டுக் கேட்டது. இளைஞர்கள் மாப்பிள்ளைக்கு வழிவிடுங்கள் என்று கத்திக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சனம் விலகியது, முதுகில் தட்டியது, யாரோ என் தலைப்பாகையோடு சேர்ந்து செல்ஃபி எடுத்தார். கடைசியில் என் வயிறு மேடைக்கு முன்னாலிருந்த இரும்புத் தடுப்பில் முட்டியது.

அவர் ஓர் உயரமான கதிரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். கன்னம் சரிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, ஓரத்தில் ஒரு தங்கப் பல் மின்னியது. என்ன வடிவான மனிதர் என்று நினைத்தேன்.

பாட்டுக்கு நடுவே அவர் என்னைப் பார்த்துவிட்டார். இசையை நிறுத்தச் சொன்னார். கல்யாணப் பொம்பிளை எங்கே என்று கேட்டார். காவலர் ஒருவர் மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார். அந்த முகத்துக்கு நேரே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமில்லை ஐயா, மருமகளின் விழா, அக்காதான் போகச் சொன்னாள் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். தெற்கில் எந்த ஊர் நீ என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் தன் வீட்டிலிருந்து அதிக தூரம் இருக்காது, நீ என் சித்தப்பாவைப் போலப் பேசுகிறாய் என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அடுத்த சரணத்தை என்னைப் பாடச் சொன்னார். பாடினேன் என்றா சொல்வது? உள்ளே இருந்த அத்தனையையும் கத்தித் தள்ளினேன். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பாட்டுக்கும் கத்தினேன்.

முடிந்தபோது வெயில் இன்னும் மரங்களில் இருந்தது. ஆற்றங்கரைப் புல்லில் இருந்துகொண்டு அக்காவை அழைத்தேன்.

“முகத்தைப் பாத்தியோ?” என்று கேட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. தொண்டையில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. மறுபக்கத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் மூச்சுவிடுவதும் கேட்டது. அவள் பயந்துவிடப்போகிறாளே என்று போனில் விரலால் தட்டினேன்.

“விளங்குது,” என்றாள் அக்கா. “அவசரமில்லை. குரல் வரட்டும், நான் போனை வைக்கமாட்டன்.”