முடிவை முதலில் சொல்கிறவன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் போய்விட்டான். வயது நாற்பத்தொன்பது. கணையத்தில் புற்றுநோய். ஐந்து மாதமாக அது அவனுக்குத் தெரியும். எனக்குக் கடைசி இரண்டு நாள்தான் தெரியும்.

அவனைப் பற்றி எழுதுவதென்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும். வேறு மாதிரி தொடங்கினால், "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், கடைசியில என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்று குறுக்கே விழுவான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனி. நாங்கள் இருவரும் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அதைச் சொல்லி யாராவது கிண்டல் செய்தால், "நாள் முழுக்க அது மூஞ்சியில முழிக்கிறேன், வீட்டுலயும் அதையே பாக்கணுமா?" என்பான். இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, சமையல் எனக்கு, பாத்திரம் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டு, பதினெட்டு வருஷம் சண்டை போட்டே காலத்தை ஓட்டிவிட்டோம்.

நான் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் 'கதை உத்திகள்' என்று ஒரு பகுதி உண்டு. பின்னால் வரப்போவதை முன்கூட்டியே பூடகமாகக் காட்டுவது முன்குறிப்பு. நடுவில் நிறுத்திப் பழையதைச் சொல்வது பின்னோக்கு. வாசிக்கிறவருக்குத் தெரிந்தது கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் அது முரண்நகை. கதையின் உயிரே முடிவைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். வீட்டிலோ இப்படி ஒரு அண்ணன்.

அவனோடு வேலை செய்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'கிளைமாக்ஸ்'. ஏற்கெனவே பார்த்த படத்துக்கு மறுபடி தியேட்டர் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிறவர்களிடம், "பயப்படாதீங்க, குழந்தை கிடைச்சிடும்" என்று சொல்லி ஒருமுறை அடி வாங்கப் பார்த்தான். என் பரீட்சை முடிவை வாங்கி வந்த நாளில் தெருமுனையிலிருந்தே, "பாஸ்! பாஸ்!" என்று கத்தினான். அந்தத் தெருவில் பரீட்சை எழுதிய வேறு மூன்று பிள்ளைகளும் சந்தோஷப்பட்டு வெளியே ஓடி வந்தார்கள். அதில் ஒருவன் தேறவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவன் அம்மா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

"உனக்குக் கதை சொல்லவே வராதுண்ணா" என்பேன்.

"நான் எதுக்குக் கதை சொல்லணும்? சேதி சொன்னா போதாதா?"

அந்தப் பழக்கம் வேலையில் வந்தது. சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணியும் அவர் குழந்தையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் கதவுக்கு வெளியே நின்று, கரண்ட் எங்கே போனது, பிரேக் ஏன் பிடித்தது, மேலே இருக்கும் சக்கரத்தைக் கையால் எப்படிச் சுற்றப் போகிறார்கள் என்று ஒழுங்காக, வரிசையாக விளக்கியிருக்கிறான். உள்ளிருந்து அந்தம்மா ஓங்கிக் கதவைத் தட்டி, "யோவ்! நாங்க வெளிய வருவோமா மாட்டோமா? மொதல்ல அதைச் சொல்லுய்யா!" என்று கத்தியிருக்கிறார்.

அன்றிலிருந்து அண்ணன் கதவருகே போனதும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "இன்னும் பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுவீங்க." காரணம், விளக்கம் எல்லாம் பிறகு. வேலையில் தொற்றியது அப்படியே வீடு வரைக்கும் வந்துவிட்டது.

இந்த மனிதன்தான் என்னிடம் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. அவன் போனதைவிட அதுதான் என்னை அதிகம் அறுத்தது. ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொன்னவன், கூடப் பிறந்தவளை மட்டும் ஏன் இருட்டில் விட்டான்?

வயிற்றில் அல்சர் என்றான். கம்பெனியில் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றான். உடம்பு இளைத்தது. நான் காரத்தைக் குறைத்தேன்.

நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது மாலை வெயில் சமையலறை மேடை வரை வந்திருக்கும். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் திடீரென்று கேட்டான்: "இன்னைக்கு என்ன பாடம்?"

இருபது வருஷத்தில் கேட்காத கேள்வி. "என்ன, லிஃப்ட்டுக்குள்ள போய் நடத்தப் போறியா?" என்றேன்.

"சும்மா சொல்லேன். நானும் உருப்படுறேன்."

அந்த வாரம் வகுப்புக்காக நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு உத்தியையும் அதை வைத்தே விளக்குவதாகத் திட்டம். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி. இருபது வருஷமாக எல்லோருக்கும் ஊர் ஊராக டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள், எங்கேயும் போனதில்லை. ஒரு நாள் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பும்போதே தீர்மானித்துவிடுகிறாள்: இன்றைக்குச் சாயங்கால ரயிலுக்குத் தனக்கே ஒரு டிக்கெட். ஏறுவாளா, மாட்டாளா? கதை அவ்வளவுதான்.

தினமும் கொஞ்சம் சொன்னேன். அவள் அப்பாவைப் பற்றிய பின்னோக்கு ஒரு நாள். நடைமேடையில் அவளைக் கவனிக்கும் போர்ட்டர் ஒரு நாள். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டான். "அப்புறம்?" என்பான். "இரு, தண்ணி குடிச்சுட்டுச் சொல்லு" என்பான். முடிவை மட்டும் கேட்கவே இல்லை.

"கடைசியில என்ன ஆகும்னு கேக்க மாட்டியா?"

"இருக்கட்டும். நாளைக்கும் ஏதாவது வேணுமில்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வயதில் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். என் அண்ணனுக்கே ஆர்வத்தை அடக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று வகுப்பில்கூடச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்த மாதங்களில் அவன் கை சும்மா இருக்கவில்லை. மின்சாரப் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே டேப் ஒட்டி, சமையலறை, குளியலறை, மோட்டார் என்று கொட்டை எழுத்தில் எழுதினான். வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. எப்போதும் அவன்தான் போடுவான். அதைக் கழற்றி, என் தோள் உயரத்துக்கு இறக்கி மாட்டினான். பரணில் இருந்த பெரிய பாத்திரங்களைக் கீழே எடுத்து வைத்தான். "வேலை இல்லாதவன் வீட்டைப் பிரிச்சுப் போடுறான்" என்று திட்டினேன். "ஆமா, டீச்சருக்கு உதவி செஞ்சா அடிதான் கிடைக்கும்" என்றான்.

கடையில் அவன் எப்போதும் சவர பிளேடு பாக்கெட்டாகத்தான் வாங்குவான். ஒரு நாள் ஒற்றை பிளேடு வாங்கி வந்தான். "என்ன, கடையில தீர்ந்து போச்சா?" என்றேன். "ம்" என்றான். நான் குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

வலி தாங்க முடியாமல் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "வலி தெரியாம பாத்துக்கறதுதான் இப்ப நம்ம கையில இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும், எங்கள் தெரு மருந்துக் கடைக்காரருக்கும், அண்ணனோடு வேலை செய்த, 'மேல்மாடி' என்று எல்லோரும் கூப்பிடும் ஆளுக்கும் தெரிந்திருக்கிறது. முரண்நகையை இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். கதைக்குள் இருப்பவர் எப்படி நிற்பார் என்பதை அன்று அந்த வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போனேன். தலையணையில் சாய்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு, எப்போதும்போல, "அவ ரயில் ஏறினாளா டீச்சர்?" என்று கேட்டான். அந்தக் கதையின் முடிவை முதல் தடவையாகக் கேட்டான்.

"உன் முடிவை நீ எங்கிட்ட சொன்னியா? நானும் சொல்ல மாட்டேன்."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நியாயம்தான்" என்றான்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மறுநாள் கோபம் இறங்கிப் போனேன். அவன் மருந்தின் மயக்கத்தில் இருந்தான். கண் விழித்ததும் சொல்லலாம் என்று கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மூன்றேகாலுக்கு, விழிக்காமலே போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை மேல்மாடி வந்தார். லிஃப்ட்டில் யாராவது மாட்டினால் அண்ணன் கதவருகே நிற்பான். இவர் கட்டடத்தின் உச்சியில், எந்திர அறையில், சக்கரத்தைக் கையால் சுற்றுவார். அதனால் அந்தப் பெயர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அண்ணனின் கருவிப் பையைக் கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார்.

"கம்பெனில இதைத் திருப்பிக் கேக்கல டீச்சரக்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உனக்கும் தெரியும்ல?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மொத மொதல்ல டெஸ்ட் எடுக்க ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

"ஊருக்கெல்லாம் முதல்ல சொல்லுவான். எனக்கு மட்டும் ஏன் சொல்லல? நான் என்ன அந்நியமா?"

மேல்மாடி பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"எல்லாருக்கும் சொல்ல மாட்டாருக்கா. எப்ப சுத்தணும், எப்ப நிறுத்தணும்னு சொல்லணுமே, அதுக்காகப் போனை ஆன்லயே வெச்சிருப்பாரு. கதவுகிட்ட அவரு பேசறது பூரா எனக்கு மேல கேக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரியவர் தனியா மாட்டிக்கிட்டாரு. நெஞ்சு வலின்னு உள்ளேருந்து சொல்றாரு. எனக்கோ சக்கரம் அசையவே மாட்டேங்குது, பாதுகாப்புப் பிடி இறுகிப் போச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன், 'அண்ணே, ஒரு மணி நேரம் ஆகும்'னு. எப்பவும் போல 'வெளிய வந்துடுவீங்க'ன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. 'ஐயா என்ன தொழில் பண்ணுனீங்க?'ன்னு கேட்டாரு. டெய்லராம். 'சட்டைக் காலரை எப்படிங்க வெட்டுறது? எனக்கு ஒண்ணும் தெரியாது, மொதல்லருந்து சொல்லுங்க'ன்னாரு. அந்தப் பெரியவர் ஆரம்பிச்சாரு. துணியை மடிக்கிறது, அளவு போடுறது, ஓரம் விடுறது. அண்ணன் 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கதவு திறந்தப்ப அந்தப் பெரியவர் பேச்சு நின்னு போயிருந்துச்சு."

பையின் வாரை விட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு டீக்கடையில சொன்னாரு. 'முடிவு நல்லா இருந்தாதான்டா மொதல்ல சொல்லணும். நல்லா இல்லேன்னா அவங்களைப் பேச விடணும். பேசிட்டிருக்கற வரைக்கும் அவங்க உள்ள இல்ல, அவங்க கடையில இருப்பாங்க.'"

இன்றைக்கு என்ன பாடம். அப்புறம். இரு, தண்ணி குடிச்சுட்டுச் சொல்லு.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவன் அவன். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது நான். வலி அவனுக்கு. ஆனாலும் மூன்று மாத மாலைகளில் அவன் என்னை அந்த ரயில் நிலையத்திலேயே உட்கார வைத்திருந்தான்.

"நான் அவனுக்கு முடிவைச் சொல்லல" என்றேன். "கடைசியா வாய்விட்டுக் கேட்டான். கோபத்துல சொல்ல மாட்டேன்னுட்டேன். தெரியாமலே போயிட்டான்."

மேல்மாடி நிமிர்ந்து பார்த்தார். "அந்த டிக்கெட் பொண்ணு கதையா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் எனக்குப் போன்ல சொல்லுவாரே. அவருக்கு முடிவு தெரியும்கா. மொத நாளே சொல்லிட்டாரு, அவ ஏற மாட்டான்னு. நான் ஏறுவான்னேன். ரெண்டு பேரும் டீக்குப் பந்தயம் கட்டுனோம்."

"மொத நாளேவா? எப்படி?"

"அவ வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப பாலுக்கு உறை ஊத்தி மூடி வெச்சுட்டுத்தான் வர்றான்னு நீங்க சொன்னீங்களாமே. 'நாளைக்குத் தயிர் வேணும்னு நினைக்கிறவ ரயில் ஏறப் போறாளாடா? டீச்சர் அதை மொதல்லயே விட்டுட்டா, பாவம், நான் கண்டுக்காத மாதிரி கேட்டுக்கிட்டு வர்றேன்'னாரு."

அது நான் வைத்த முன்குறிப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. பாடமே படிக்காதவன் பிடித்துவிட்டான். பிடித்ததை என்னிடமிருந்து மறைத்து, தினமும் புதிதாகக் கேட்பவன்போலக் கேட்டிருக்கிறான். பாடம் நடத்தியவளோ, சுவிட்சுகளுக்குக் கீழே ஒட்டிய டேப்பைப் பார்த்தாள், இறங்கி வந்த தாழ்ப்பாளைத் தினமும் தன் கையாலேயே போட்டாள், ஒற்றை பிளேடையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

மேல்மாடி கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, திரும்பினார்.

"அக்கா, நிஜமாவே அவ ஏறலியா?"

"ஏறல."

"அப்ப அண்ணன் ஜெயிச்சுட்டாரு" என்று சிரித்தார். ஒரு படி இறங்கினார். அடுத்த படியில் கால் வைக்காமல், கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.