ஆமாம் சாமி போட்ட காது

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனுஷனிடம் உருப்படியாக இருப்பது காது ஒன்றுதான், அதை நான் மறுக்க மாட்டேன். லிஃப்டுக்குள் ஏறிக் கண்ணை மூடி நிற்பார். மூன்றாம் மாடி தாண்டும்போது இடது பக்க உருளை தேய்ந்திருக்கிறது என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். கம்பெனி இன்ஜினீயர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாம் சரி என்றபோதுகூட, "மீட்டருக்குக் காது இல்ல சார்" என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டு நானும் மயங்கித்தான் போனேன். பத்தொன்பது வருஷத்தில் மயக்கம் தெளிந்துவிட்டது, கதை மட்டும் நிற்கவில்லை.

இவர் பராமரிக்கும் கட்டடம் ஒன்றில் ஐந்தாம் மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் மூன்று பேர் கூடுவார்கள். டாக்டர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், துணிக்கடை முதலாளி ஒருவர். ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்பதுதான் வேலை. பாட்டையாவது கேட்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, "வயர மாத்தினதும் வயலின் ஒரு அடி முன்னால வந்திருக்கு" என்பார் ஒருவர். "ஒண்ணரை அடி" என்பார் மற்றவர். வேலிக்கு ஓணான் சாட்சி.

லிஃப்ட் பார்க்கப் போன இடத்தில் இவர் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்த பித்து. அந்த மூன்று பேரில் ஒருவர் வாயிலிருந்து 'உனக்கு நல்ல காதுய்யா' என்று ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். ஊரில் இத்தனை லிஃப்ட் சொன்னது போதவில்லை.

அவர்களிடம் இருப்பது போன்ற பிளேயர் வாங்க இவருக்கு வக்கில்லை. இணையத்தைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டியில் பாட்டு சிடியும் ஓடுமாம். உள்ளே இருக்கும் சில்லு அருமையானதாம். அதைச் சுற்றியுள்ள மலிவுச் சாமான்களைப் பிடுங்கிவிட்டு நல்லதாகப் போட்டால், பெரிய பிளேயர்களுக்கு ஈடுகொடுக்குமாம். என் அண்ணன் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தது. அண்ணன் மகன் சின்ன வயதில் மூடியில் ஒட்டிய டைனோசர் படம்கூட அப்படியே இருந்தது. "மாப்ளைக்கு இப்பதான் விளையாடுற வயசு வந்திருக்கு போல" என்று சொல்லித்தான் அண்ணன் எடுத்துக் கொடுத்தான். இவர் சிரிக்கவில்லை.

நான் வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைப்பவள். என் தையல் மேஜையில் பாதி போயிற்று. வெள்ளைச் சட்டையெல்லாம் சாலிடர் புகை நாறியது. பழைய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதியவற்றை வைத்தார். கரண்ட் கொடுக்கும் பகுதியை வெளியே எடுத்துத் தனி டப்பாவில் அடைத்தார். சிடி சுழலும்போது அதிரக் கூடாதென்று அடியில் ரப்பர் ஒட்டினார். அவர் கேட்டுப் பார்க்கும் நேரத்தில் என் மெஷின் ஓடக் கூடாது. "ஏங்க, நாளைக்கு நாப்பது சட்டை குடுக்கணுங்க" என்றால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதம் ஒரு மத்தியானம், வேலை முடிந்தது என்று வயலின் சிடி ஒன்றைப் போட்டார். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி அப்படியே நின்றுவிட்டது. வில்லைக் கம்பியில் வைப்பதற்கு முன் வாசிக்கிறவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். அவரிடம் நான் மனசாரச் சொன்ன நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று.

"உனக்கென்ன தெரியும்" என்றார்.

லிஃப்ட் பார்க்கப் போன சாக்கில் டாக்டரிடம் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுவர அனுமதி வாங்கிவிட்டார். ஸ்கூட்டரில் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் டாக்டர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம். புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும், கொண்டுவந்தவர் தனியாக இணைத்துத் துணி போட்டு மூடிய பிறகுதான் மற்றவர்கள் அறைக்குள் வருவார்கள். "கண்ணு காத ஏமாத்திடும்மா" என்று டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார்.

அன்றைக்கு யாரும் நடுவில் நிறுத்தவில்லை. மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெளிநாட்டுச் சாமான், சந்தேகமே இல்ல" என்றார் துணிக்கடைக்காரர். "யாருய்யா உனக்கு இதக் குடுத்தது?" என்று கேட்டபடி டாக்டர் எழுந்து வந்து துணியை உருவினார்.

டைனோசர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

யாரோ இருமினார்கள். "எங்க பேரன் வச்சு விளையாடுவானே, அதுவா?" என்றார் மேனேஜர். டாக்டர் திரும்பிப் போய் சோபாவில் சாய்ந்து, கூரையைப் பார்த்து யோசித்தார். "அப்பவே சொல்லணும்னு நினைச்சேன். மேல் ஸ்தாயில லேசா ஒரு கரகரப்பு இருக்கு."

"ஆமா ஆமா, கரகரப்புதான்" என்றார் மேனேஜர், ஈரக் கைக்குட்டையை மடித்துக்கொண்டே.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இன்ஜினீயரையே எதிர்த்து நின்ற மனுஷன், ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமா சார், எனக்கும் அப்பவே கேட்டுச்சு" என்றார். பெட்டி என் மடியில் இருந்திருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. "நெஜமாவே கேட்டுச்சா?" என்றேன்.

"படிச்சவங்க மூணு பேர் சொல்றாங்க. இல்லாமலா சொல்லுவாங்க?"

"உங்க காதுக்குக் கேட்டுச்சான்னு கேட்டேன்."

பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பினார்.

மறுநாளே பெட்டியைப் பிரித்துவிட்டார். வைத்த கெப்பாசிட்டரைப் பிடுங்கினார், வேறு வைத்தார், அதையும் பிடுங்கினார். கேட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பிடிபடல" என்பார். பழுதே இல்லாத பொருளில் எதைப் பிடிப்பது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. திரும்பத் திரும்பச் சூடுபட்டு, உள்ளே சர்க்யூட் பலகையில் ஓடும் செம்புக் கோடுகள் உரிந்து வந்தன. அந்த இடங்களில் எல்லாம் வயரை வைத்து ஒட்டுப் போட்டார். வேலைக்குப் போய் வந்த சட்டையைக்கூட மாற்றாமல் ஆறு வாரம் இதே கூத்து.

ஒரு சாயங்காலம், "இங்க வா, சீக்கிரம் வா!" என்று கத்தினார். மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அதே வயலின் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சந்தோஷம்.

"கேக்குதா? கரகரங்குதா? பாத்தியா, டாக்டர் எவ்வளவு கரெக்டா சொல்லிருக்காரு!"

"நீங்க நோண்டி நோண்டி வந்ததுங்க அது" என்றேன். கோபமா அழுகையா என்று கேட்டால், இரண்டும்தான்.

அவர் காதில் விழவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார். நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுகொண்டார்.

"சார், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சார். அந்தக் கரகரப்பக் கண்டுபிடிச்சுட்டேன் சார்."

அந்தப் பக்கம் டாக்டர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"என்ன கரகரப்பு? யாருப்பா நீ, லிஃப்ட் ரிப்பேரா?"

"ஆமா சார், லிஃப்ட் ரிப்பேர்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர், நின்ற இடத்திலிருந்தே கொஞ்சம் குனிந்து.